வேலைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் நடக்கும் உடல்நல முகாம்களில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. கிண்டி, அம்பத்தூர், ஒரகடம் என்று இடம் மாறினாலும் வரிசையில் வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான். முகாமில் ஒருவரிடம் சில நிமிடங்களுக்கு மேல் பேச முடிவதில்லை. அதனால் பதில்களைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுச் சமையலில் எல்லாச் சத்தும் இருக்கிறது. சோறு நிறைய, பருப்பும் காயும் தொட்டுக்கொள்ள மட்டும் என்று தட்டு மாறிப்போனதும், சாப்பிடும் நேரம் வேலைக்கு ஏற்பச் சிதறிப்போனதும்தான் பிரச்சினை. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

காலையில அஞ்சரைக்கு கம்பெனி பஸ். சாப்பிட நேரமே இல்ல. டீ மட்டும் குடிச்சிட்டுப் போனா தப்பா?

பசியில்லாத ஒருவர் ஏழு மணிக்குப் பதில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் டீயோடு கிளம்புகிறவர்களில் பலர் ஒன்பது மணிக்கும் சாப்பிடுவதில்லை. இடைவேளையில் இரண்டு வடை, இன்னொரு டீ, ஒரு பிஸ்கட் பொட்டலம். பிறகு மதியம் தாங்க முடியாத பசியில் அளவு தெரியாமல் சோறு. சாயங்காலம் நெஞ்செரிச்சல்.

கையில் எடுத்துப் போகிற மாதிரி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பொடி தடவிய இட்லி நான்கு, அல்லது அவித்த முட்டை இரண்டும் வாழைப்பழமும், அல்லது பாட்டிலில் ஊற்றிய சத்துமாவுக் கஞ்சி. பஸ்ஸில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

ஒரு நாளைக்கு எது எவ்வளவு சாப்பிடணும்னு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைப் புதுப்பித்து வெளியிட்டது. நாளுக்கு 2000 கலோரி தேவைப்படுகிறவருக்கு அது சொல்லும் அளவு ஏறக்குறைய இப்படி: தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, பழம் 100 கிராம், கடலை எள் போன்றவை 35 கிராம், எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பும் சமைக்கும் முன் உள்ள எடை.

தராசு வைத்துச் சாப்பிடச் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் நான் எல்லாரிடமும் காட்டுவது ஒன்றைத்தான்: அரிசியைவிடக் காய்கறியின் எடை அதிகம். நம் டப்பாவில் இது தலைகீழாக இருக்கிறது. பெரிய டப்பாவில் சோறு, மேலே இருக்கும் சின்னக் கிண்ணத்தில் பொரியல். அந்தக் கிண்ணத்தை மட்டும் பெரிதாக மாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

சோறு சாப்பிட்டா சுகர் வரும்னு சொல்றாங்களே, நிறுத்திடவா?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆதரவளித்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். ஆனாலும் சோற்றை அடியோடு நிறுத்தியவர்கள் சில வாரங்களில் பழையபடி திரும்பிவிடுகிறார்கள். நிறுத்துவதைவிடக் குறைத்து, குறைந்த இடத்தைக் காயாலும் பருப்பாலும் நிரப்புவது நிலைக்கும்.

பலர் கணக்கில் விடுவது ஒன்று உண்டு. காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்றால் மூன்றுமே அரிசிதான். 'நான் ஒரு வேளைதான் சோறு சாப்பிடுறேன்' என்று சொல்கிறவரும் நாள் முழுக்க அரிசி சாப்பிட்டிருப்பார். சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவல் தொட்டுக்கொண்டால் மாவுச்சத்துக்கு மாவுச்சத்து துணை, அவ்வளவே. காயை முதலில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றில் கை வைத்தால் ரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல். சமைத்ததைக் குழைத்துவிடாமல் உதிரியாக வடிப்பதும் உதவும்.

தினமும் சாம்பார் சாப்பிடுறேன், புரோட்டீன் கிடைச்சிடும்ல? இல்ல பவுடர் வாங்கணுமா?

சராசரிப் பெரியவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். மேலே சொன்ன கணக்கில் 250 கிராம் தானியத்திலிருந்து 20 கிராம், 85 கிராம் பருப்பிலிருந்து 20 கிராம் அளவுக்கு, 300 மில்லி பாலில் 9 கிராம் என்று வந்துவிடும். கடலையும் முட்டையும் அதற்கு மேல். பவுடர் தேவையில்லை.

ஆனால் சாம்பார்? நான்கு பேருக்கு இரண்டு வேளைக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஒருவருக்கு நாளெல்லாம் 25 கிராம் பருப்புதான் போகும், புரதம் 6 கிராம் கூட வராது. மேலாகத் தெளிவாக நிற்கும் சாம்பாரை ஊற்றிக்கொண்டால் அதுவும் இல்லை. எனவே சாம்பாரோடு இன்னொன்று வேண்டும்: ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கெட்டியான பருப்புக் கூட்டு, மீன். மத்தியும் நெத்திலியும் விலை குறைந்தவை. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். உடற்பயிற்சிக் கூடத்தில் விற்கும் டப்பாவுக்குச் செலவிடும் பணத்தில் வீட்டில் எல்லாருக்கும் மாதம் முழுக்க முட்டை வாங்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சிறுதானியத்துக்கு மாறி ஆறு மாசம் ஆச்சு. எடையும் குறையல, சுகரும் குறையல. ஏன்?

எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வரகரிசியோ சாமையோ பொங்கலாகக் குழைந்து நெய்யோடு வந்தால், அரிசிப் பொங்கலிலிருந்து பெரிய வித்தியாசம் இருக்காது. கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை வேகமாகத்தான் ஏறும். அதையே களியாக, அடையாகக் கீரை சேர்த்துச் சாப்பிட்டால் மேல். அதைவிட முக்கியம் அளவு. 'சிறுதானியம்தானே' என்று ஒரு கை கூடப் போட்டுக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். கலோரி அரிசிக்கும் இதற்கும் ஏறத்தாழ ஒன்றே.

கேழ்வரகை நான் விடச் சொல்லமாட்டேன். 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. பால் பிடிக்காதவர்களுக்கு அது பெரிய வரம்.

கட்டிட்டுப் போற சாப்பாடு மதியத்துக்குள்ள வாடை வந்துடுது. என்ன பண்றது?

கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு உடனே மூடுவதுதான் முதல் காரணம். உள்ளே ஆவி வேர்த்து நீராகிக் கெடுக்கிறது. தட்டில் பரப்பி ஆவி அடங்கியதும் கட்டுங்கள். தேங்காய் அரைத்த கூட்டும் சட்னியும் சென்னை வெயிலில் சீக்கிரம் கெடும். அவற்றை வீட்டில் சாப்பிடும் வேளைக்கு வைத்துக்கொண்டு, டப்பாவுக்கு வத்தக்குழம்பு, புளிக்குழம்பு, எலுமிச்சைச் சாதம் என்று புளிப்புள்ளதைக் கொடுங்கள். தயிர்ச்சாதத்துக்குப் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்தால் மதியம் திறக்கும்போது சரியாக உறைந்திருக்கும்.

ராத்திரி வடித்த சோற்றை அப்படியே வெளியில் வைத்திருந்து காலையில் சூடாக்கிக் கட்டாதீர்கள். அதில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மிஞ்சியதைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

அப்போ பழைய சோறு?

அது வேறு. தண்ணீர் ஊற்றி ஊறவைக்கும்போது புளித்து, தயிரில் இருப்பதைப் போன்ற நல்ல நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சுத்தமான தண்ணீர், மூடிய பாத்திரம், மறுநாள் காலையிலேயே சாப்பிட்டு முடிப்பது என்றால் நல்ல காலை உணவு. சின்ன வெங்காயமும் மோரும் போதும், ஊறுகாயை அள்ளிப் போட வேண்டாம். டப்பாவில் கட்டி மதியத்துக்கு எடுத்துப் போகக் கூடாது.

நான் தங்கியிருக்கிறது மேன்ஷன். மூணு வேளையும் வெளிச்சாப்பாடுதான். எனக்கு என்ன வழி?

காலையில் பூரி, பொங்கல்-வடை இவற்றைவிட இட்லி. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை. சாம்பாரைக் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். மதியம் அளவுச்சாப்பாடு வாங்கிப் பொரியலும் கூட்டும் இரண்டாம் முறை கேளுங்கள். பெரும்பாலான மெஸ்களில் கொடுப்பார்கள். அப்பளம், ஊறுகாய், வத்தல் மூன்றும் சேர்ந்தால் உப்பு எல்லை தாண்டும். நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ராத்திரி பரோட்டா சால்னாவை வாரத்தில் ஒரு நாளாக்குங்கள். மற்ற நாள் சப்பாத்தி-பருப்பு, இட்லி, முட்டைத் தோசை.

கையில் காசு குறைந்த நாட்களில் சென்னையில் இருப்பவர்களுக்கு அம்மா உணவகம் நல்ல துணை. 2013-இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்ச்சாதம் 3 ரூபாய் என்று விலை வைத்தார்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு ஒரு வாழைப்பழமும் ஒரு அவித்த முட்டையும் வெளியில் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் அது முழுமையான சாப்பாடு. அறையில் ஒரு சின்ன மின்சாரக் குக்கர் வைக்க அனுமதி இருந்தால் ராத்திரி ஊறப்போட்ட பயறு காலையில் சுண்டலாகிவிடும்.

நாலு மணி ஆனா பசி கொல்லுது. வடை, பஜ்ஜி தவிர ஒண்ணும் கிடைக்கிறதில்ல.

வறுத்த நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ ஒரு கைப்பிடி மேசை இழுப்பறையில் இருக்கட்டும். கொய்யா, வாழை, வெள்ளரி எல்லாத் தெருவிலும் கிடைக்கும். பிஸ்கட்டை நல்ல உணவு என்று நினைக்காதீர்கள். உறையைத் திருப்பிப் பாருங்கள்: எடையில் எது அதிகமோ அது முதலில் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று தொடங்கும்.

வடை சாப்பிடவே கூடாது என்பதில்லை. எண்ணெயைப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்து, காய்ந்தவுடன் புகையும் எண்ணெய் பலமுறை காய்ந்தது. அந்தக் கடையைத் தவிருங்கள். செய்தித்தாளில் வைத்துப் பிழிவதும் வேண்டாம், மை உணவில் இறங்கும். தட்டிலோ வாழையிலையிலோ கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கலாம்?

டீயைவிட அதில் விழும் சர்க்கரைதான் என் கவலை. ஒரு டீக்கு இரண்டு தேக்கரண்டி என்றால் 10 கிராம் வரும். நான்கு டீ, 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2000 கலோரிக்கு அது 50 கிராம், 25 கிராம். டீயிலேயே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். கடையில் 'சர்க்கரை கம்மி' என்று சொல்லத் தொடங்கி, மெல்ல 'வித்தவுட்'டுக்கு வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

இன்னொன்று: சாப்பாட்டோடு டீ வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. தினமும் முருங்கைக்கீரை சாப்பிடுறேன், ஏறவே மாட்டேங்குது மேடம்.

இது பெண்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கும் மேல் ரத்தசோகை உள்ளவர்கள். கீரையில் உள்ள இரும்பு உடலில் எளிதாகச் சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ள ஒன்று அதே வேளையில் சேர்ந்தால் கூடுதலாக ஏறும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கீரை சாப்பிட்டு, கை கழுவியதும் டீ என்று பழகியவர்கள் இந்த ஒன்றை மாற்றினாலே பயன் தெரியும். மீன், ஈரல், கறி சாப்பிடுகிறவர்களுக்கு அதிலுள்ள இரும்பு எளிதில் சேரும்.

ஹீமோகுளோபின் மிகக் குறைந்துவிட்டால் உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குடற்புழு, பி12 குறைபாடு இருந்தாலும் கீரை எவ்வளவு தின்றும் ஏறாது. எது காரணம் என்று மருத்துவரிடம் பாருங்கள்.

லைன்ல நின்னா பாத்ரூம் போக விடமாட்டாங்க. அதனால தண்ணியே குடிக்கிறதில்ல. என்ன ஆகும்?

சிறுநீர்த் தொற்று, கல், மலச்சிக்கல், தலைவலி. துணிக்கடைகளில் நிற்கும் பெண்களும் தையல் தொழிற்சாலைப் பெண்களும் இதைச் சொல்லும்போது என்னால் 'தண்ணீர் குடியுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடிவதில்லை. இது சாப்பாட்டுப் பழக்கத்தின் குறை இல்லை, வேலையிடத்தின் குறை. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தர வேண்டும், குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே எழுதியது. நாலு பேராகச் சேர்ந்து மேலாளரிடமோ தொழிற்சங்கத்திடமோ கேளுங்கள்.

அதுவரை: வேலைக்குக் கிளம்பும் ஒரு மணி நேரத்துக்கு முன் இரண்டு தம்ளர், இடைவேளை ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு தம்ளர், வீடு திரும்பியதும் இரண்டு. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் போதவில்லை என்று பொருள். எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

நைட் ஷிப்ட்ல எப்போ சாப்பிடணும்? ராத்திரி ரெண்டு மணிக்கு கேன்டீன்ல பிரியாணி போடுறாங்க.

ராத்திரியில் உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைகிறது. அதே சோறு பகலில் ஏற்றுவதைவிட நள்ளிரவில் அதிகம் ஏற்றும். அதனால் பெரிய சாப்பாட்டை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் வீட்டில் முடியுங்கள். இரண்டு மணிக்கு இட்லி, சுண்டல், முட்டை, பழம், மோர் என்று லேசாக. பிரியாணி வந்தால் பாதி எடுத்து, வெங்காயப் பச்சடியை நிறையப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் வீடு வந்ததும் வெறும் வயிற்றோடு படுத்தால் பத்து மணிக்குப் பசி எழுப்பிவிடும். இரண்டு தோசை அல்லது ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குங்கள். தூங்கப் போவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் டீ, காபி வேண்டாம். அதாவது கடைசி டீ இரண்டு மணி போல.

எல்லாருக்கும் டப்பா கட்டிட்டு நானும் வேலைக்கு ஓடணும். எனக்குன்னு தனியா எதுவும் பண்ணிக்க முடியல.

தனியாக எதுவும் செய்ய வேண்டாம், அக்கா. டப்பாக்களை நிரப்பும்போது உங்கள் டப்பாவை முதலில் நிரப்புங்கள். கடைசியில் நிரப்பினால் பொரியல் தீர்ந்து குழம்பு மட்டும் இருக்கும். முட்டை ஐந்து பேருக்கு நான்கு என்றால் விட்டுக்கொடுப்பவர் எப்போதும் நீங்களாக இருக்கிறீர்கள். மேலே ரத்தசோகைக் கணக்கைச் சொன்னேனே, அதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாவு அரைப்பது, காய் நறுக்கி வைப்பது, கீரை ஆய்வது இதையெல்லாம் வீட்டில் மற்றவர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள். பத்து வயதுப் பிள்ளை கீரை ஆயும்.

பாதாம், ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய்னு சொல்றீங்க. எங்க சம்பளத்துக்குக் கட்டுப்படியாகுமா?

அவை எதுவும் தேவையில்லை. பாதாமுக்கு நிலக்கடலை, ஓட்ஸுக்குக் கேழ்வரகு, ஆப்பிளுக்குக் கொய்யா. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பை மாதந்தோறும் தவறாமல் வாங்குங்கள். அங்கே தரும் பாமாயிலைக் குறைவாகப் பயன்படுத்தி, கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ மாற்றி மாற்றி ஊற்றுங்கள். கொள்ளு, தட்டப்பயறு, பாசிப்பயறு, முருங்கைக்கீரை, மத்தி மீன்: காசுக்கு அதிகச் சத்து தருவது இவைதான்.

ரெண்டு வேளை மட்டும் சாப்பிடுற டயட் இருக்கேன். ஆபீஸ்ல நிறையப் பேர் இருக்காங்க. நல்லதா?

உடம்பில் வேறு நோய் இல்லாதவருக்கு அது கெடுதல் இல்லை. எடை குறைந்தால் அது மொத்தச் சாப்பாடு குறைந்ததால்தான். ஆனால் இரண்டு வேளைக்குள் 400 கிராம் காயும் 50 கிராம் புரதமும் அடைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் தசை கரைந்து களைப்புதான் மிஞ்சும். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், அல்சர் உள்ளவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தாமாக இதைத் தொடங்கக் கூடாது.

சுகர் மாத்திரை போடுறேன். வாரா வாரம் ஷிப்ட் மாறுது. மாத்திரையை எப்போ போடுறது, எப்போ சாப்பிடுறது?

சில மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பிடாமல் போட்டுக்கொண்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். மற்ற சில அப்படிச் செய்வதில்லை. எனவே ஷிப்ட் அட்டவணையையும் மாத்திரைச் சீட்டையும் மருத்துவரிடம் கொண்டுபோய் ஒவ்வொரு ஷிப்டுக்கும் தனித்தனியாக நேரம் எழுதி வாங்குங்கள். மாத்திரை போட்டுவிட்டு, 'வேலை அதிகம், அப்புறம் சாப்பிடலாம்' என்று விடுவதுதான் மிக ஆபத்தானது.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தலைசுற்றல் வந்தால் எந்திரத்தை விட்டு உடனே விலகுங்கள். மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து 15 நிமிடம் உட்காருங்கள். சரியாகாவிட்டால் இன்னொரு முறை, பிறகு சாப்பாடு. சட்டைப் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். பக்கத்தில் வேலை செய்கிறவருக்கும் உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்திருக்கட்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

நீங்க சொன்ன மாதிரியேதான் சாப்பிடுறேன். ஆனாலும் எப்பவும் களைப்பா இருக்கு.

அப்படியானால் சாப்பாட்டில் தேடுவதை நிறுத்துங்கள். முதலில் தூக்கம்: ஏழு மணி நேரம் வருகிறதா? ஓவர்டைம் பார்க்கிற வாரங்களில் ஐந்து மணி நேரத் தூக்கத்தை எந்தக் கஞ்சியும் ஈடுகட்டாது. தூக்கமும் சரியென்றால் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12 பார்க்க வேண்டும். முழுச் சைவமாக இருந்து பால், தயிரும் குறைவாக எடுப்பவர்களுக்குப் பி12 குறைவது சாதாரணம். அது செடிகொடிகளில் கிடைக்காது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அடிப்படைப் பரிசோதனைகளைக் காசில்லாமல் செய்துகொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். எடை தானாகக் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்தாலோ அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டாம். அந்த வாரமே ஒரு நாள் விடுப்பு எடுத்து, சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டோடு மருத்துவரைப் பாருங்கள்.